திசு வளர்ப்பு வாழையும் வேர்ப்பூஞ்சையும்: நாற்றுப்பண்ணையில் பார்த்தவை

ஆய்வகத்திலிருந்து எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்து இறங்கும் ஜி9 ரக வாழைக்கன்று ஒரு விரல் நீளம்தான் இருக்கும். கழுவிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று நாலைந்து வேர். கண்ணாடிப் பாட்டிலுக்குள், கிருமி நீக்கிய அகர் கூழில் வளர்ந்த கன்று அது. வாடல் நோயும் நூற்புழுவும் கிழங்கோடு ஒட்டி வராது என்பதற்காகத்தான் விவசாயிகள் பக்கக்கன்றை விட்டுவிட்டு இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சரிதான். ஆனால் கெட்டது வராத பாட்டிலில் நல்லதும் வராது. தோட்டத்தில் பெயர்த்தெடுக்கும் பக்கக்கன்றின் வேருக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு பூஞ்சை, இந்தக் கன்றில் துளிகூட இருக்காது.

அந்தப் பூஞ்சையைத்தான் நம் பக்கம் 'வேம்' (VAM) என்று சொல்லி வாங்குகிறோம், விற்கிறோம். புத்தகத்தில் அதன் பெயர் வேர் உட்பூசணம். நான் தேனிப் பக்கம் நிழல்வலைக்கூடம் போட்டு வாழைக்கன்று பக்குவப்படுத்திக் கொடுக்கிறேன். கூடவே குழித்தட்டில் தக்காளி, மிளகாய், காலிஃபிளவர் நாற்று. பையில் எலுமிச்சை, முருங்கை. இத்தனை பயிரையும் ஒரே வலைக்குக் கீழே வைத்துப் பார்ப்பதால் இந்தப் பூஞ்சை எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்வதில்லை என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. பாக்கெட் விற்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அவர்கள் சொல்லாமல் விடுவதுதான் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் தண்ணீரோடு சேர்ந்து வேருக்கு வந்துவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) அப்படி வராது. போட்ட இடத்திலேயே மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப்போடும். சுண்ணாம்பு மண்ணில் கால்சியம் கட்டிப்போடும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ள மணிச்சத்தை எடுத்து முடித்ததும் அந்த வளையம் காலி. அதற்கு அடுத்து இருப்பது எளிதில் நகர்ந்து வராது. பூஞ்சையின் இழை அந்தக் காலி வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரை போகும். வேர்த்தூவியை விடவும் மெல்லியது என்பதால் தூவி நுழையாத மண் இடுக்கிலும் நுழையும். அங்கிருந்து மணிச்சத்தையும், கொஞ்சம் துத்தநாகம், தாமிரத்தையும் கொண்டுவந்து வேருக்குள் இறக்கும். வாழைக்குத் தடித்த, சதைப்பிடிப்பான வேர். மண்ணின் ஒவ்வொரு இடுக்கையும் துழாவிப் பார்க்கும் புல்லின் வேர் போல மெல்லியது இல்லை. அதனால் வாழைக்கு இந்த உதவி கூடுதலாகவே தேவை.

பூஞ்சை இதைச் சும்மா செய்வதில்லை. இலை தயாரிக்கும் சர்க்கரையில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. கொழுப்பும் செடியிடமிருந்தே போகிறது என்பதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தொடக்கத்திலிருந்து தயாரிக்கும் ஏற்பாடு இந்தப் பூஞ்சையிடம் இல்லை. உயிருள்ள வேரை அண்டித்தான் பிழைப்பு. டிரைக்கோடெர்மா என்ற நோய் அடக்கும் பூஞ்சையைப் போல டிரம்மில் கரைசல் ஊற்றிப் பெருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே ஊரில் சுற்றும் யோசனைகளில் பாதியை ஒதுக்கிவிடலாம். "ஒரு பாக்கெட் வேம் வாங்கி, 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் போட்டு ஊற வைங்க, பெருகிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடா வருடம் வருகிறது. வெல்லத்தில் வேறு ஏதேதோ பெருகும். வேம் பெருகாது.

இந்தக் கூட்டு ரொம்பப் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடியே 70 லட்சம் ஆண்டு பழமையான தாவரப் புதைபடிவங்களின் செல்லுக்குள்ளேயே இந்தப் பூஞ்சையின் வடிவத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செடிக்கு இன்றைய பொருளில் வேரே கிடையாது. தரையோடு ஊரும் தண்டுதான். ஆனாலும் பூஞ்சை உள்ளே இருந்திருக்கிறது. மனிதருக்கு விஷயம் தெரிந்தது நேற்றுதான். 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மரத்து வேரைப் பூஞ்சை போர்த்தியிருப்பது நோய் இல்லை, இரண்டுக்கும் லாபமான ஏற்பாடு என்று எழுதினார். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டிருந்தது வேறு: டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைப் பயிர் செய்ய வழி இருக்கிறதா என்று. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததோ இல்லையோ, கேட்காத கேள்விக்குக் கிடைத்துவிட்டது. ஃபிராங்க் பார்த்தது வேருக்கு வெளியே போர்வை போல மூடும் வகை. பைன், ஓக் மரங்களுக்கு உரியது. கொடைக்கானலில் மழைக்காலத்தில் பைன் மரத்தடியில் முளைக்கும் காளான்களில் பல அந்த வகைதான். நம் வாழை, மிளகாய், எலுமிச்சையில் இருப்பது வேரின் செல்லுக்கு உள்ளேயே புகும் வகை. அது காளானாக வெளியே தலைகாட்டாது. தோட்டத்தில் குடைக்காளான் முளைத்ததும் "வேம் நல்லா பிடிச்சிருக்குண்ணே" என்று போட்டோ அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கண்ணால் பார்த்தால்தான் எனக்கு எதிலும் நம்பிக்கை வரும். பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். வீட்டிலேயே மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர். வேரைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையை அவர்தான் காட்டிக்கொடுத்தார். தடித்த வேரை விட்டுவிட்டு, நூல் போன்ற கிளைவேர்களை மட்டும் வெட்டி மண் போகக் கழுவ வேண்டும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, அந்தக் குப்பியைக் கொதிநீருக்குள் வைத்துச் சூடாக்கினால் வேரின் நிறமெல்லாம் கரைந்து நூல்சேமியா மாதிரி நிறமற்று ஆகிவிடும். (கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வை போகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.) பிறகு நன்றாகக் கழுவி, பேனா மையை வினிகரில் 5 சதவீதம் கலந்து அதில் சில நிமிடம் சூடாக்குவார். எல்லா மையும் பிடிப்பதில்லை. இரண்டு மூன்று பாட்டில் மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில், சில சொட்டு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவிட்டால் வேரில் ஏறிய நீலம் கழன்று, பூஞ்சையில் ஏறியது மட்டும் நிற்கும்.

கண்ணாடித் தகட்டில் வைத்து அழுத்திப் பார்த்தபோது, செங்கல் அடுக்கியது போல் இருந்த வேர்ச் செல்களுக்கு நடுவே நீல இழைகள் ஓடின. சில செல்லுக்குள் அந்த இழை நுழைந்து, கிளைவிட்டுக் கிளைவிட்டுச் செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. சத்து கைமாறும் இடம் அதுதான் என்றார் பேராசிரியர். ஒவ்வொன்றும் சில நாள்தான் இருக்குமாம். பிறகு செடியே அதைக் கரைத்துவிடும், வேறு செல்லில் புதிதாக வரும். இடையிடையே முட்டை வடிவில் நீலப் பைகள். அவை பூஞ்சையின் கொழுப்புச் சேமிப்பு. எங்களிடம் வந்து வேம் கலந்த மண்பையில் இருந்த கன்றின் வேர் இது. பாட்டிலிலிருந்து நேராக எடுத்த கன்றின் வேரையும் சாயமேற்றிப் பார்த்தோம். வெறும் செங்கல் அடுக்கு.

அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் வேரைத்தான் கேட்கிறேன். இலைப் பச்சையைக் கேட்பதில்லை.

அப்படி வேரைக் கேட்டதில் தெரிந்த பெரிய விஷயம் மணிச்சத்து பற்றியது. நர்சரிகளில் வழக்கமாகக் கன்றுக்கு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தைக் கரைத்து ஊற்றுவோம். ஒரு பாத்திக்கு அதையே வாராவாரம் கொடுத்து, பக்கத்துப் பாத்திக்கு மணிச்சத்து இல்லாத 13:0:45-உம் கால்சியம் நைட்ரேட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் போட்ட வேம் ஒரே அளவு. 19:19:19 பாத்தி முதலில் முந்திக்கொண்டது, இலையும் அகலம். ஆனால் அதன் வேரில் நீலம் தேடிப் பார்த்தால்தான் கிடைத்தது. மற்றதில் கிளைவேர் முழுக்க ஓடியிருந்தது. பைகளை ஏற்றி அனுப்பும் பருவத்தில் உயர வித்தியாசம் பெரிதாக இல்லை.

காரணம் செடியிடமே இருக்கிறது. மணிச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்ததும் பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நோக்கி வரும். இந்த அழைப்பை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தப் பொருள் அதற்கு முன்பே வேறொரு கெட்ட பெயரோடு தெரிந்திருந்தது: சோளத்திலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியின் விதையை முளைக்க வைப்பது அதுதான். பயிர் கூட்டாளியைக் கூப்பிடும் சத்தத்தை ஒட்டுக்கேட்டுத் திருடன் வந்து சேர்கிறான். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி அழைப்பை நிறுத்திவிடும். வந்து சேர்ந்த பூஞ்சைக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடும். கையில் காசு இருக்கும்போது யாருக்கு வேலையாள் சம்பளம் கொடுக்கப் பிடிக்கும்?

இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் கறாராகவே நடக்கிறது. 2011-இல் நெதர்லாந்தின் டோபி கீர்ஸ் குழு காட்டியது அதைத்தான். அதிக மணிச்சத்து கொண்டுவரும் பூஞ்சைக்குச் செடி அதிகச் சர்க்கரை தருகிறது. அதிகச் சர்க்கரை தரும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து தருகிறது. பாசம், தியாகம் என்று இதைப் பற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆக, வேம் போட்டுவிட்டு நடவுக் குழியில் கை நிறைய டிஏபி உரம் போடுவது பணத்தை இரண்டு முறை செலவழிப்பது. டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. மண்பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்த நிலத்துக்காரர் என்னிடம் வேம் கேட்டால், கன்றோடு வருவதே போதும் என்று சொல்லிவிடுவேன். மணிச்சத்து வேண்டிய மண்ணாக இருந்தால் சூப்பர் பாஸ்பேட்டைப் பிரித்துக் கொஞ்சமாக, வேரை ஒட்டாமல் தள்ளிப் போடலாம்.

இதில் ஒரு வியாபாரச் சிக்கல் இருக்கிறது. வாங்க வருகிறவர் கன்றின் உயரத்தையும் பச்சையையும்தான் பார்ப்பார். பையைக் கிழித்து வேரைப் பார்க்கிறவர் நூற்றில் ஒருவர். உரத்தில் ஊதிப்போன கன்று லாரியில் முதலில் ஏறும். வேரில் பூஞ்சையோடு குள்ளமாக நிற்கும் கன்றைப் பார்த்து "இது என்னண்ணே, வளரவே இல்லையே" என்பார்கள். நான் ஒரு பையைக் கிழித்து வேர்க்கட்டைக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுகிறேன். ஒரு கன்று வீணாகும். பேச்சு மிச்சம்.

எந்தப் பயிருக்கு வேம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிலத்தாவரங்களில் பத்தில் ஏழு, எட்டு இந்தப் பூஞ்சையோடு சேரும். சேராத குடும்பங்களில் இரண்டு நம் தோட்டத்துக்கு முக்கியம்: கடுகுக் குடும்பமும் கீரைக் குடும்பமும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு முதலாவதில். தண்டுக்கீரை, அரைக்கீரை, பாலக், பீட்ரூட் இரண்டாவதில். காலிஃபிளவர் நாற்றுக்கு வேம் போட்டுத் தரச்சொல்லிப் பணத்தோடு வருகிறவர்கள் உண்டு. வாங்கிக்கொள்ள எனக்குக் கசக்காது, ஆனால் போட்டு ஒரு புண்ணியமும் இல்லை. வெங்காயம் இதற்கு நேர் எதிர். வேர்த்தூவி மிகக் குறைவு என்பதால் பூஞ்சையை நம்பியே இருக்கும் பயிர் அது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், பயறு வகைகள், எலுமிச்சை, புளி, வேம்பு எல்லாம் சேரும். முருங்கையும் சேரும், ஆனால் அது வளரும் வேகத்துக்கு எங்கள் பையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதையும் பார்க்கவில்லை.

இடத்தைப் பொறுத்தும் மாறும். தென்னை நார்க்கழிவில் நாற்று விடும் குழித்தட்டிலும், கிருமி நீக்கிய மண்ணிலும், மேல்மண்ணைச் சுரண்டிவிட்ட காலி மனையிலும் பூஞ்சை கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே போட்டால் பலன் தெரியும். வருடம் முழுக்கப் பயிரோ புல்லோ இருக்கும் தோட்டத்து மண்ணில் ஏற்கெனவே ஊர்ப்பட்ட பூஞ்சை இருக்கும். அங்கே புதிதாக ஒரு பாக்கெட் கொட்டுவது தேவையில்லாத செலவு. என் வேலை நர்சரி என்பதால் எனக்கு இது லாபம். நல்ல தொழுவுரத் தோட்டக்காரருக்கு அவ்வளவு இல்லை.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே, ஐப்பசி மழை மூடாக்கில் வளர்ந்த கன்றுகளில் வேம் போட்டது சற்றுப் பின்தங்கியே நின்றது. சர்க்கரையே குறைவாகத் தயாராகும் நேரத்தில் அதில் ஒரு பங்கைப் பூஞ்சையும் எடுத்துக்கொள்கிறது. 50 சதவீத வலைக்கு மாற்றியதும் அந்த வித்தியாசம் போய்விட்டது.

நாற்றழுகலுக்குப் பயந்து கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றுவது எங்கள் தொழிலில் சகஜம். இந்தப் பூஞ்சையை ஆய்வகத்தில் அடக்குவதற்கென்றே பயன்படுத்திய பெனோமில் என்ற மருந்து மண்ணில் சிதைந்து தருவது கார்பன்டசிம்தான். நோய் வந்துவிட்டால் ஊற்றத்தான் வேண்டும், கன்று பிழைப்பது முதல் காரியம். வராமல் இருக்கவே வாராவாரம் ஊற்றுகிறவர் வேமுக்குச் செலவழிக்க வேண்டாம். நாங்கள் வடிகாலையும் தண்ணீர் அளவையும் கவனித்தே பெரும்பாலும் சமாளிக்கிறோம். தட்டில் தண்ணீர் தேங்கினால் நாற்றும் அழுகும், பூஞ்சைக்கும் காற்று போகாது.

அப்புறம் பாக்கெட். சந்தையில் பெயர் பெயராகக் கிடைக்கிறது. நல்லதும் இருக்கிறது. ஒரு முறை வாங்கிய மூட்டையில் உயிரே இல்லை. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அதைக் கண்டுபிடித்த விதம்தான் உபயோகமானது. ஆற்று மணலை நன்றாக அவித்து ஆறவைத்து நாலு தொட்டியில் நிரப்பினோம். இரண்டில் அந்தச் சரக்கைப் போட்டு, இரண்டில் போடாமல் மக்காச்சோளம் விதைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் வளரவிட்டு வேரைச் சாயமேற்றிப் பார்த்ததில் நாலு தொட்டியிலும் வெறும் வேர். ஆனால் அதே சரக்கை முன்பு கன்றுக்குப் போட்டபோது இலை பச்சைப் பிடித்ததே என்று கேட்கலாம். பல பாக்கெட்டில் ஹியூமிக் அமிலமும் கடற்பாசிச் சாறும் கலந்தே வருகின்றன. பச்சை அதிலிருந்து வந்திருக்கும். அதற்கு ஹியூமிக்கைத் தனியாகவே மலிவாக வாங்கிவிடலாம். தயாரித்த தேதியையும் பாருங்கள். வெயில் படும் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்த மூட்டையை, தேதி சரியாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இப்போது எங்களுக்கு வேண்டியதை நாங்களே பெருக்கிக்கொள்கிறோம். தாய் வித்து (பெருக்குவதற்கான தொடக்கச் சரக்கு) மட்டும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து. அவர்கள் சொல்லும் முறை சுலபமானது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழக் குழி. உள்ளே கறுப்பு பாலித்தீன் விரிப்பு. 50 கிலோ வெர்மிகுலைட் என்ற எடை குறைந்த கனிமத் துகளோடு 5 கிலோ கிருமி நீக்கிய மண் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, மேலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கிலோ தாய் வித்தைப் பரப்ப வேண்டும். மக்காச்சோள விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் நனைத்துக் கழுவி விதைக்க வேண்டும். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் ஒரு கிராம். கிலோ இல்லை, கிராம். மணிச்சத்தை அவ்வளவு கஞ்சத்தனமாக வைப்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 30, 45-ஆம் நாளில் யூரியா 10 கிராம். 60 நாளில் தட்டையை அறுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி வெர்மிகுலைட்டோடு கலந்தால் ஒரு குழிக்கு 55 கிலோ சரக்கு. அறுப்பதற்குமுன் சில நாள் தண்ணீரைக் குறைத்துக் காயவிடுவது எங்கள் வழக்கம். நறுக்கவும் வசதி, மூட்டையில் புழுங்காமலும் இருக்கும். தட்டை மாட்டுக்கு.

இதில் கவனிக்க வேண்டியது சுத்தம். குழி மண்ணோடு வாடல் நோயோ நூற்புழுவோ உள்ளே வந்துவிட்டால் அதையும் சேர்த்தே பெருக்கி எல்லாப் பைக்கும் பங்கு வைப்போம். அதனால்தான் வாழைத் தோட்டத்து மண்ணை அள்ளிவந்து கலக்கும் குறுக்குவழிக்கு நான் போவதில்லை. பூஞ்சை அதில் இருக்கும்தான். கூடவே பனாமா வாடல் வந்தால் யார் பொறுப்பு?

போடுவது ஒரு காரியமே இல்லை. வேர் அதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். பாத்தி நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2, 3 சென்டிமீட்டரில். பைக்கு 5 முதல் 10 கிராம். நிலத்தில் நேரடியாக நடும் கன்றுக்குக் குழியில் வேரடியில் 20 கிராம். மண் மேல் தூவினால் வெயிலில் கிடந்து வீணாகும். சொட்டுநீரில் விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாக்டீரியா உரங்களுக்கு அது சரி. இந்தப் பூஞ்சையின் வித்து அவற்றைப் போலப் பொடியானது இல்லை. சில வகைகளின் வித்து ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே தெரியும். சொட்டுநீர் வடிகட்டியிலேயே பாதி நின்றுவிடும். தப்பிப் போவதும் மேல்மண்ணில்தான் தங்கும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற பாக்டீரியா உரங்களோடு சேர்த்து பையில் கலப்பதில் எங்களுக்குப் பிரச்சினை வந்ததில்லை.

கன்று வயலுக்குப் போனபின் நடப்பது விவசாயி கையில். ரோட்டவேட்டரை அடிக்கடி ஓட்டினால் இழை வலை துண்டு துண்டாகிவிடும். நிலத்தைக் களையே இல்லாமல் கட்டாந்தரையாகப் போட்டு வைத்தாலும் பூஞ்சை பட்டினி கிடக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நீண்ட காலம் தரிசாக வைத்திருந்த நிலத்தில் அடுத்து விதைத்த பயிர், மண்ணில் சத்து இருந்தும் மணிச்சத்து, துத்தநாகக் குறை காட்டியது. வேரில் பூஞ்சை குறைந்துபோனதே காரணம் என்று 1980-களில் கண்டறிந்தார்கள். நம் பக்கம் காலிஃபிளவர் வெட்டியதும் மிளகாய் நடுகிறவர்களுக்கும் இதன் சிறு வடிவம் நேரலாம். காலிஃபிளவர் நின்ற மாதங்களில் பூஞ்சைக்குச் சோறில்லை. இடையில் ஒரு தட்டைப்பயறோ சோளமோ போட்டு எடுங்கள் என்று சொல்வேன். இடைவெளி இல்லையென்றால், வேம் பிடித்த நாற்றாக வாங்கி நடுவது அந்த இடத்தில் உண்மையிலேயே பயன்படும்.

மரங்கள் பூஞ்சை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிமரத்துக்குச் சோறூட்டுகிறது என்று இப்போது நிறைய வீடியோ வருகிறது. 1997-இல் கனடாவில் சூசன் சிமார்டு, காட்டில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு வகை மரத்துக்குக் கார்பன் போனதை அளந்தார். அது நல்ல ஆய்வு. அதன்மேல் ஏற்றிய கதைகள்தான் அளவுக்கு மீறிவிட்டன. காட்டில் கிடைத்த ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை என்று 2023-இல் அதே துறை ஆய்வாளர்கள் மூவர் எழுதினார்கள். வாழைத் தோப்பில் தாய்வாழை கன்றுக்குச் சோறு கொடுப்பதற்குக் கிழங்கு இருக்கிறது, பூஞ்சை தேவையில்லை.

மகசூல் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு நான் எண் சொல்வதில்லை. பையிலிருந்து வயலுக்கு மாறும் முதல் சில வாரத்தில் கன்று வாடாமல் பிடித்துக்கொள்வதும், விட்டுப்போன இடத்துக்கு மறுநடவு கேட்டு வருகிறவர்கள் குறைந்திருப்பதும் என் கண்ணுக்குத் தெரிகிறது. தார் எடை தண்ணீர், சாம்பல்சத்து, காற்று என்று இன்னும் பத்துக் காரணங்களைச் சார்ந்தது.

கடைசியாக, வளர்ந்த மரத்துக்குப் போடலாமா என்று தென்னைக்காரர்கள் கேட்பார்கள். மரத்துக்கு 200 கிராம் என்பது பரிந்துரை. அடிமரத்தை ஒட்டிக் கொட்டக்கூடாது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, மண்ணைச் சற்றுப் பறித்து இளவேர் கண்ணில் படும் இடத்தில் போட்டு மூடித் தண்ணீர் விட வேண்டும். மழைக்கு முன்னால் செய்வது வசதி. தோப்பை உழாமல் புல்லும் பயறும் வளரவிட்டிருப்பவர்கள் அந்தக் காசையும் மிச்சம் பிடிக்கலாம். ஒரு பிடி மண்ணை வேரோடு கொண்டுவந்தால் சாயமேற்றிக் காட்டுகிறேன்.